தீயின் முன் ஓர் ஊர்

நுழையும்முன்

தீ பற்றும் கணத்திற்கும் தீயணைப்பு ஊர்தி வந்து சேரும் கணத்திற்கும் இடையே சில நிமிடங்கள் உள்ளன. அந்த நிமிடங்கள் அண்டை வீட்டாரின் கையில் இருக்கின்றன. அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதோடு, என்ன செய்யக் கூடாது என்பதையும் அறிந்திருந்தால் ஊர் பிழைக்கும். தீயணைப்புப் பணியின் வரலாறும் செயல்முறையும் அவ்வறிவைத் தருகின்றன.

தீயோடு வாழும் ஊர்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த இரு நகரங்கள் இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்விரு நகரங்களின் வாழ்வும் தீயோடு நெருங்கிய தொடர்புடையது. இராஜபாளையத்தில் 1936-ஆம் ஆண்டு பி.ஏ.சி. இராமசாமி ராஜா நூற்பாலையைத் தொடங்கினார். பின்னர் ஆலைகள் பெருகின. ஊரெங்கும் பஞ்சுப் பொதிகள் வந்து இறங்கின. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா காய்ச்சும் அடுப்புகள் கனன்றுகொண்டிருக்கின்றன. ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது பெருந்திரளான மக்கள் தெருக்களில் கூடுகின்றனர். மேற்கே கோடையில் காய்ந்து சருகாகும் மலைக்காடு. அது 2021-ஆம் ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கிழக்கே பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பெயர்பெற்ற சிவகாசி.

பஞ்சு, வெடிமருந்து, காடு என்னும் மூன்றும் சூழ்ந்த இப்பகுதியில் தீயணைப்பு அறிவு அனைவருக்கும் வேண்டிய வாழ்க்கைக் கல்வியாகும்.

வாளி ஏந்திய அண்டை வீட்டார்

தீயணைப்புத் துறை தோன்றுவதற்கு முன்பே தீயணைப்புப் பணி தோன்றிவிட்டது. கூரை வீடுகள் நிறைந்த நம் சிற்றூர்களில் ஒரு வீடு பற்றிக்கொண்டால் மக்கள் கிணற்றிலிருந்து வரிசையாக நின்று குடங்களைக் கைமாற்றுவர். வேறு சிலர் பக்கத்து வீட்டின் கூரையைப் பிடுங்கி எறிவர். எரியாத வீட்டின் கூரையைப் பிரிப்பது காண்போர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் தீக்கு இரையாகும் பொருளை அகற்றிவிட்டால் தீ மேலே பரவாது என்னும் உண்மையைப் பட்டறிவால் கண்டவர்கள் அவர்கள்.

இத்தகைய உதவியை ஓர் ஒழுங்கிற்குள் கொண்டுவந்ததே தன்னார்வத் தீயணைப்புக் குழுக்களின் சிறப்பு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பெஞ்சமின் பிராங்கிளினும் அவர்தம் நண்பர்களும் 1736-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் 'யூனியன் தீயணைப்புக் குழு'வை நிறுவினர். நீர் இறைக்கத் தோல் வாளிகளையும், எரியும் வீட்டிலிருந்து பொருள்களைக் காத்து எடுத்துச்செல்லப் பைகளையும் உறுப்பினர்கள் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். மாதந்தோறும் கூடித் தீயணைப்பு முறைகளைப் பற்றிக் கலந்துரையாட வேண்டும். கூட்டத்திற்கு வாராதவர் தண்டம் செலுத்த வேண்டும். அத்தொகையைக் கொண்டே தீயணைப்புப் பொறிகளும் ஏணிகளும் வாங்கப்பட்டன. இன்றும் ஜெர்மனியில் தீயணைப்போருள் பெரும்பான்மையோர் வேறு தொழில் செய்துகொண்டே இப்பணியாற்றும் தன்னார்வலர்களே.

தமிழகத்தில் 1908-ஆம் ஆண்டு சென்னையில் தீயணைப்புப் பணி தொடங்கப்பட்டது. தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டம் 1985-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. தீயணைத்தலோடு மீட்பையும் தன் கடமையாகக் கொண்டிருப்பதால் இத்துறை 'தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை' என்று அழைக்கப்படுகிறது. கிணற்றில் விழுந்த ஆட்டை மீட்பது முதல் வெள்ளத்தில் சிக்கியவரைக் கரைசேர்ப்பது வரை அதன் பணி நீள்கிறது. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இரு நகரங்களிலும் இத்துறையின் நிலையங்கள் உள்ளன.

> தெரிந்து தெளிவோம்
> 1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் நின்றிருந்த 'போர்ட் ஸ்டிகின்' என்னும் கப்பல் தீப்பற்றியது. பஞ்சுப் பொதிகளும் வெடிபொருள்களும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டிருந்தன. பஞ்சில் பற்றிய தீ வெடிபொருளை எட்டியது. தீயை அணைக்கப் போராடிய 66 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தனர். அவர்களின் நினைவாக ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடெங்கும் தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது.

அழைப்பு மணி ஒலித்ததும்

101 அல்லது 112 என்னும் எண்ணுக்கு அழைப்பு வந்ததும் நிலையம் இயங்கத் தொடங்குகிறது. இடம் எது, எரிவது எது, உள்ளே எவரேனும் சிக்கியுள்ளனரா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கிடைத்தால்தான் எந்தக் கருவிகளுடன் புறப்படுவது என முடிவு செய்ய இயலும். பதற்றத்தில் முகவரியைச் சொல்லாமல் அழைப்பைத் துண்டிப்பவரால் விலைமதிப்பற்ற நிமிடங்கள் வீணாகின்றன.

தீயணைப்பு நீர் ஊர்தி ஒன்றில் வழக்கமாகச் சுமார் 4,500 லிட்டர் நீர் இருக்கும். நிமிடத்திற்கு 450 லிட்டர் வீதம் பீய்ச்சினால் அது பத்தே நிமிடத்தில் தீர்ந்துவிடும். எனவே ஊர்தி வருவதற்குள் அருகிலுள்ள கிணறு, கண்மாய், ஆலையின் நீர்த்தொட்டி ஆகியவை எங்கே உள்ளன, ஊர்தி நுழையும் அகலமான பாதை எது என்பவற்றை அறிந்து சொல்பவரே பேருதவி புரிந்தவராகிறார். அதனை ஊரார் அன்றி வேறு யார் அறிவார்?

மூன்று தீ, மூன்று அறிவு

எரிபொருள், வெப்பம், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் கூடினால் தீ உண்டாகும். ஒன்றை நீக்கினால் தீ அணையும். இவ்விதி பொதுவானதே எனினும் எரியும் பொருளுக்கேற்ப அணைக்கும் முறை மாறுபடும்.

பஞ்சுப் பொதியின் மேற்பரப்பில் நீரைப் பீய்ச்சினால் சுடர் அடங்கும். உள்ளே கனல் மறைந்திருக்கும். இறுக அழுத்திய பொதிக்குள் நீர் எளிதில் புகாது. ஆகவே பொதியை வெளியே இழுத்துப் பிரித்து உள்வரை நனைக்க வேண்டும். அணைந்துவிட்டதெனக் கருதி விட்டுச்சென்ற பொதி, பல மணிநேரம் கழித்தும் மீண்டும் பற்றக்கூடும்.

பட்டாசு மருந்தின் இயல்பு வேறு. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தரும் வேதிப்பொருள் அதனுள்ளேயே கலந்திருக்கிறது. எனவே மண்ணைப் போட்டு மூடினாலும் அது எரியும். எரியும் அலுமினியத் தூளின்மீது நீர் பட்டால் எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். இங்கே முதல் பாதுகாப்பு விலகி நிற்றலே.

காட்டுத்தீயை நீர் ஊர்தியால் அணுக இயலாது. சருகுகளை அகற்றித் தீத்தடுப்புக் கோடுகளை அமைத்தும், பசுந்தழைகளால் அடித்தும் அது கட்டுப்படுத்தப்படுகிறது. காற்றின் திசையையும் மலைப்பாதையையும் அறிந்தவர்களின் துணை இதற்கு இன்றியமையாதது. 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றோர் தீயில் சிக்கி உயிரிழந்த துயரம், காட்டின் வறண்ட காலத்தை எளிதாகக் கருதலாகாது என்பதை உணர்த்தியது.

தொண்டும் பயிற்சியும்

2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை ஒன்றில் வெடிவிபத்து நேர்ந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்கள் அல்லர். புகையைக் கண்டு உதவுவதற்கும் பார்ப்பதற்கும் ஓடிவந்த அக்கம்பக்கத்தினர். அடுத்தடுத்த வெடிப்புகள் அவர்களைப் பலிகொண்டன.

பிறர் துன்பம் கண்டு ஓடும் மனம் உயர்ந்தது. அம்மனத்தை இழந்த ஊர் ஊராக இராது. ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்பதை அறியாத இரக்கம், காப்பாற்ற வந்தவரையே மீட்கப்பட வேண்டியவராக்கிவிடுகிறது. தீயணைப்பு வீரரும் தனியாக உள்ளே நுழைவதில்லை; தலைவரின் ஆணையின்றி முன்னேறுவதில்லை. அந்த ஒழுங்கு கோழைத்தனம் ஆகாது. மறுநாள் வரும் அழைப்பிற்கும் அவர் உயிரோடு இருக்கவேண்டும் அல்லவா?

இவ்வுண்மையை உணர்ந்தே தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 'ஆப்தமித்ரா' என்னும் திட்டத்தின்வழி நாடெங்கும் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி அளித்துவருகிறது. முதலுதவி, தேடுதல், மீட்டல் ஆகியவற்றைக் கற்ற இவர்கள், அரசு உதவி வந்து சேரும்வரை ஊரைத் தாங்கி நிற்பர். ஆர்வமுள்ள கூட்டத்தை விலக்கி நிறுத்துவது, ஊர்திக்கு வழிவிடச் செய்வது, மின் இணைப்பைத் துண்டிக்கத் தகவல் தருவது, முதியோரையும் குழந்தைகளையும் வெளியேற்றுவது ஆகிய எளிய செயல்களே பெரும்பாலும் உயிர்களைக் காக்கின்றன. இவற்றிற்கு வீரத்தைவிடத் தெளிவே மிகுதியாக வேண்டும்.

பிலடெல்பியாவின் தோல் வாளிகள் இன்று பயன்பாட்டில் இல்லை. மாதந்தோறும் கூடிக் கற்ற அந்த அண்டை வீட்டாரின் வழக்கம் மட்டும் இன்றும் பழமையாகவில்லை. பஞ்சும் மருந்தும் காடும் சூழ்ந்த ஊர்களில் அவ்வழக்கம் வேரூன்ற வேண்டும். கற்றவரின் தொண்டே தீயின்முன் ஊரைக் காக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள நீர்நிலைகளையும் தீயணைப்பு ஊர்தி நுழையத்தக்க பாதைகளையும் குறித்து வரைபடம் ஒன்று உருவாக்குக.
2. தீ விபத்தைத் தெரிவிக்கும் தொலைபேசி உரையாடலை மாணவர் இருவர் நடித்துக் காட்டுக.
3. 'பயிற்சியற்ற உதவி துன்பத்தைப் பெருக்கும்' – இக்கருத்து குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.