வெளுத்த பவளம் பிழைக்குமா?

பவளம் என்றால் மோதிரத்தில் பதிக்கும் கல் என்றுதான் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் நானும் எண்ணியிருந்தேன். கடலில் அது ஓர் உயிரினம். அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலில் உணவு தயாரித்துப் பவளத்திற்கும் கொடுக்கின்றன. நிறத்தின் பெரும்பகுதியும் அவற்றால்தான். நீர் மிகச் சூடானாலோ வேறு தொல்லை வந்தாலோ பவளம் அந்தப் பாசிகளை இழந்துவிடும். அப்போது கண்ணாடி போன்ற சதையின் வழியே வெள்ளைச் சுண்ணாம்புக் கூடு தெரியும். 2010-இல் நம் கடலில் பவளங்கள் இப்படி வெளுத்தபோது தியோமான், ரெடாங் தீவுகளில் முக்குளிப்பு இடங்கள் சிலவற்றைச் சில மாதம் மூடினார்கள்.

எங்கள் வீட்டுத் தொட்டியில் நடந்ததற்குக் காரணம் நான். 100 லிட்டர் தொட்டி. அதில் ஒரு ஹேமர் கோரல். நம் ஊர் வெப்பத்தில் நீரை 26, 27 டிகிரியில் வைக்க மேலே சிறு மின்விசிறி ஓடும். விசிறி ஓடினால் நீர் ஆவியாகும். நான் விடுதிக்கு வந்தபின், "தண்ணி குறைஞ்சா ஊத்துங்கப்பா" என்று தொலைபேசியில் சொன்னேன். எந்தத் தண்ணீர் என்று சொல்லவில்லை. அப்பா உப்பு நீரையே ஊற்றி வந்தார். ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு தங்கிவிடும். விடுமுறையில் அளந்தபோது 1.025 இருக்கவேண்டிய அடர்த்தி 1.030 காட்டியது. கோரல் சுருங்கி வெளுத்திருந்தது.

பதற்றத்தில் பாதி நீரை மாற்றி ஒரே மாலையில் 1.025-க்குக் கொண்டுவந்தேன். மறுநாள் ஓரத்துச் சதை கிழிந்து தொங்கியது. உப்பு ஏறியதற்கு வாரங்கள் ஆயின. இறக்குவதற்கும் நாள் கணக்கில் எடுத்திருக்கவேண்டும். பவளத்திற்குத் திடீர் மாற்றம் ஆகாது, அது நல்ல மாற்றமாக இருந்தாலும்!

வெளுத்த பவளத்தைத் தூக்கி எறியுமுன் உற்றுப் பாருங்கள். கூட்டின்மேல் மெல்லிய சதை இருந்தால் உயிர் இருக்கிறது. சதையின்றி வெறுங்கூட்டில் பச்சைப் பாசி படர்ந்திருந்தால் அந்தக் கிளை போய்விட்டது. பழுப்பு நிறக் கூழ் படிந்திருந்தால் உடனே உறிஞ்சி எடுங்கள், அது பக்கத்துக் கிளைக்கும் பரவும்.

பிறகு ஒளியைக் குறையுங்கள். பாசி இழந்த பவளம் பலத்த வெளிச்சம் தாங்காது. நான் விளக்கைப் பாதியாக்கி, கோரலைத் தொட்டியின் அடியில் வைத்து, மூன்று வாரத்தில் சிறிது சிறிதாகக் கூட்டினேன். நீரோட்டத்தில் கொடுக்குகள் அசையவேண்டும், மடங்கக்கூடாது. உணவு தரும் பாசி இல்லாததால் அது பசியோடிருக்கும். வாரம் இருமுறை, பம்பை நிறுத்திவிட்டுப் பொடியாக நறுக்கிய இறால் கொடுத்தோம். அளவு மீறினால் நீர் கெடும். கடையில் விற்கும் மருந்துப் புட்டிகளை, நீரைச் சோதிக்காமல் ஊற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

நான்கு கிளைகளில் ஒன்று இறந்தது. மற்ற மூன்றிலும் பழுப்பு கலந்த பச்சை திரும்ப மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதமும் நான் விடுதியில், பார்த்தவர் அப்பாதான். தினமும் அளந்து நாள்காட்டியில் குறித்து வைத்தார். இப்போது தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு வாளிகள் இருக்கின்றன. ஒன்றில் 'உப்பு', இன்னொன்றில் 'நல்ல தண்ணி' என்று அவரே எழுதி ஒட்டியிருக்கிறார்.