குப்பியில் ஒட்டும் எண்: ஏஏவி வெக்டர் லாட்டைச் சோதிப்பது எப்படி?

தமிழ்ச் செய்தித்தாள்களில் '16 கோடி ரூபாய் ஊசி' என்று பேர் வாங்கிய மரபணு சிகிச்சை மருந்தான சோல்ஜென்ஸ்மாவின் அளவு, குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 1.1×10¹⁴ வெக்டர் மரபணு. 2019 மே மாதம் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒப்புதல் தந்தபோது இந்த எண்தான் லேபிளில் ஏறியது. அதற்கு முந்தைய முதல் கட்ட ஆய்வின் அறிக்கையிலோ அதிக அளவு பெற்ற குழந்தைகளுக்கு 2×10¹⁴ கொடுத்ததாக இருந்தது. மருந்து அதேதான், அளந்த முறை மாறிவிட்டது. மறுபடி கணக்கிட்டபோது, அந்தக் குழந்தைகளுக்குப் போனது 1.1 முதல் 1.4×10¹⁴ வரைதான் என்று தெரிந்தது.

இந்த மருந்தை ஒரு முறைதான் ஏற்ற முடியும். ஏற்றியதும் உடல், மரபணுவைச் சுமந்துவரும் வெக்டரான ஏஏவி என்ற அடினோ சார்ந்த வைரஸுக்கு எதிர்ப்புப் பொருளை உண்டாக்கிவிடுவதால், அளவு குறைந்துபோனால் இரண்டாம் ஊசிக்கு வழியில்லை; கூடிப்போனால் கல்லீரல் தாங்க வேண்டும். அதனால் தரச் சோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: குப்பியில் ஒட்டும் எண்ணுக்குப் பொறுப்பு நீங்கள்.

மாதிரியைத் திட்டமிடுங்கள்

சோதனை தொடங்கும் இடம் ஆய்வுக்கூடம் அல்ல, உற்பத்தித் தொட்டி. மைக்கோபிளாஸ்மா சோதனைக்கும், வெளியிலிருந்து புகுந்த வைரஸ்களைத் தேடும் சோதனைக்கும் சுத்திகரிக்காத அறுவடையிலிருந்து, செல்களோடு சேர்த்தே மாதிரி எடுக்க வேண்டும். வடிகட்டியபின் எடுத்த மாதிரியில் கிருமி தெரியவில்லை என்றால் அதற்கு அர்த்தமில்லை. அந்த வேளையைத் தவறவிட்டால் திரும்பப் பெறவும் முடியாது.

அடுத்து, ஒவ்வொரு சோதனைக்கும் எத்தனை மைக்ரோலிட்டர் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். மறுசோதனைக்கும், நிலைத்தன்மை ஆய்வுக்கும், சேமிப்பு மாதிரிக்கும் பங்கு ஒதுக்குங்கள். இந்த லாட்கள் சிறியவை. சோதனையில் செலவாகும் ஒவ்வொரு குப்பியும் ஒரு நோயாளிக்குப் போயிருக்கக்கூடியது. சிறு சிறு பங்காகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைக்காதீர்கள்.

டைட்டர்: அவசரமே கூடாத இடம்

டைட்டர் என்பது ஒரு மில்லிலிட்டரில் உள்ள வெக்டர் மரபணுக்களின் எண்ணிக்கை. அதை அளக்க இன்று நம்பத் தகுந்த வழி டிராப்லெட் டிஜிட்டல் பிசிஆர். ஒரு வினைக் கலவையைச் சுமார் 20,000 துளிகளாகப் பிரித்து, ஒளிரும் துளி எத்தனை, ஒளிராதது எத்தனை என்று கணக்கிடுவது. பழைய பிசிஆர் முறையில் ஒரு பிளாஸ்மிட் ஸ்டாண்டர்டோடு ஒப்பிட வேண்டியிருந்தது. அந்தப் பிளாஸ்மிட் முறுக்கிய வளையமாக இருந்தால் பெருக்கம் தடைபட்டு, மாதிரியின் டைட்டர் உண்மையைவிடப் பல மடங்கு கூடிக் காட்டும். டிஜிட்டல் முறையில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் வேறு சிக்கல்கள் உண்டு.

முதலில் டிஎன்ஏஸ் என்சைம் சேர்த்து 37 டிகிரியில் வையுங்கள். வைரஸின் புரத உறைக்கு வெளியே மிதக்கும் டிஎன்ஏ அழிய வேண்டும். அழிந்ததா என்று எப்படித் தெரியும்? வெறும் பஃபரில் தெரிந்த அளவு பிளாஸ்மிட் கலந்த ஒரு குழாயையும் கூடவே நடத்துங்கள். அதில் எண்ணிக்கை மிஞ்சினால் அன்றைய என்சைம் வேலை செய்யவில்லை. அன்றைய முடிவுகள் எதுவும் செல்லாது. பிறகு என்சைமை முடக்கி, புரோட்டீனேஸ் கே அல்லது 95 டிகிரி வெப்பத்தால் புரத உறையைத் திறங்கள்.

வெளியே வரும் மரபணு ஒற்றை இழை. உறைகளில் பாதி நேர் இழையையும் பாதி எதிர் இழையையும் சுமக்கின்றன. திறந்த மாதிரியைச் செறிவாகவே ஆறவிட்டால் நேரும் எதிரும் ஜோடி சேர்ந்துவிடும். இரண்டு மரபணு ஒரே துளியில் போய் ஒன்றாக எண்ணப்படும். எல்லாமே ஜோடி சேர்ந்தால் டைட்டர் பாதியாகத் தெரியும். சூடு ஆறியதும் தாமதிக்காமல் நீர்த்துவிடுங்கள்.

நீர்ப்பதில்தான் கை பழக வேண்டும். மில்லிலிட்டருக்கு 10¹³ இருக்கும் மாதிரியைத் துளியில் எண்ணும் நிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய ஒரு கோடி மடங்கு நீர்க்க வேண்டும். பத்துப் பத்தாக ஏழு படி. ஒவ்வொரு படியிலும் பைபெட் 3 சதவீதம் குறைத்து எடுத்தால் ஏழாம் படியில் முடிவு 19 சதவீதம் குறைந்திருக்கும். பைபெட் அளவுத்திருத்தம் வெறும் சடங்கு அல்ல என்பதற்கு இந்தக் கணக்கு போதும். ஏஏவி பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், ஒட்டாத குழாய்களையும் ப்ளூரானிக் எஃப்-68 சேர்த்த பஃபரையும் பயன்படுத்துங்கள்.

பிரைமர் தேர்வில் ஒரு வார்த்தை: மரபணுவின் இரு முனைகளிலும் இருக்கும் ஐடிஆர் பகுதி கொண்டை ஊசி போல மடிந்து பெருக்கத்தைக் கெடுக்கும். சிகிச்சை மரபணுவுக்குள்ளோ பாலி-ஏ பகுதியிலோ இலக்கை வையுங்கள். 10,000 துளிகூடத் தேறாத குழியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரே குறிப்பு லாட்டைச் சேர்த்து, அதன் எண்ணை வரைபடத்தில் குறித்து வாருங்கள். அந்தக் கோடு நகரத் தொடங்கினால் பிரச்சினை உங்கள் மேசையில்தான் இருக்கிறது. ஏஏவி2 குறிப்புப் பொருளை 16 ஆய்வுக்கூடங்கள் ஒரே செய்முறையில் அளந்த ஆய்வு 2010-இல் வெளியானது. அதிலும் கூடத்துக்குக் கூடம் எண்கள் கணிசமாக வேறுபட்டன.

காலி உறைகள்

நெல்லில் பதர் போல, மரபணு ஏறாத காலி உறைகள் ஒவ்வொரு லாட்டிலும் உண்டு. சுத்திகரிப்புக்கு முன் பெரும்பாலும் அவையே அதிகம். 5 கிலோ குழந்தைக்கு 5.5×10¹⁴ வெக்டர் மரபணு தரும்போது லாட்டில் பாதி காலி என்றால், உடலுக்குள் போகும் உறைகள் அதைப் போல இரு மடங்கு. சிகிச்சைக்கு உதவாத அந்தப் பாதியையும் நோய் எதிர்ப்பு மண்டலம் எதிரியாகத்தான் பார்க்கும்.

விரைவாகப் பார்க்க 260, 280 நானோமீட்டர் ஒளி உறிஞ்சல் விகிதம் போதும்: காலி உறைக்கு 0.6 அளவில், நிறைந்ததற்கு 1.3-க்கு மேல். ஆனால் லாட்டை விடுவிக்க இதை மட்டும் நம்பாதீர்கள். வெளி டிஎன்ஏ கொஞ்சம் இருந்தாலும் விகிதம் ஏமாற்றும். அல்ட்ராசென்ட்ரிஃபியூஜில் படியும் வேகத்தை அளந்தால் காலி உறை 65 எஸ் பக்கமும் நிறைந்தது 100 எஸ் பக்கமும் தனித்தனிச் சிகரமாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவே எழும் சிறு சிகரத்தை அலட்சியம் செய்யாதீர்கள். அது துண்டு மரபணு ஏறிய உறை. பிசிஆர் இலக்கு அந்தத் துண்டில் இருந்தால் அதையும் முழு மரபணுவாக எண்ணியிருப்பீர்கள். அல்ட்ராசென்ட்ரிஃபியூஜுக்கு மாதிரி அதிகம் பிடிக்கும். மாஸ் ஃபோட்டோமெட்ரிக்குச் சில மைக்ரோலிட்டர் போதும். உற்பத்தியின் நடுவில் பின்னதையும், இறுதி லாட்டுக்கு முன்னதையும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

வேலை செய்கிறதா?

எண்ணிக்கை சரியாக இருந்தும் மருந்து செயலற்றுப் போகலாம். தொற்றுத் திறனைப் பார்க்க, ஏஏவியின் ரெப், கேப் மரபணுக்கள் உள்ள ஹீலா செல்களை 96 குழித் தட்டில் வளர்த்து, உதவிக்கு அடினோவைரஸ் சேர்த்து, எத்தனை குழியில் வெக்டர் பெருகியது என்று பார்ப்பார்கள். இதன் முடிவு இயல்பாகவே அலைபாயும். ஆகவே வீரியச் சோதனை தனியாக வேண்டும். செல்லுக்குள் மரபணு நுழைந்து, புரதம் உருவாகி, அந்தப் புரதம் தன் வேலையைச் செய்கிறதா என்று குறிப்பு லாட்டோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும். லக்ஸ்டர்னா என்ற மரபணு மருந்தில் உள்ள ஆர்பிஇ65 போல என்சைம் தரும் மரபணு என்றால், புரதம் இருக்கிறது என்பதோடு நிற்காமல் என்சைம் செயல்பாட்டையே அளப்பதுதான் முறை.

மிச்சமும் மாசும்

கிருமியின்மைச் சோதனைக்கு 14 நாள், மைக்கோபிளாஸ்மா வளர்ப்புக்கு 28 நாள். ரத்தக் குழாயில் ஏற்றும் மருந்துக்கு என்டோடாக்சின் கிலோவுக்கு மணிக்கு 5 அலகைத் தாண்டக் கூடாது. செல் வளர்ப்பில் ஊசி மருந்து தயாரிக்கும் கூடங்களுக்கு இவை பழகியவை.

வெக்டரில் கூடுதல் தொல்லை தருவது, உற்பத்திச் செல்லின் டிஎன்ஏ. ஒரு டோஸில் 10 நானோகிராமுக்குள், துண்டுகள் சுமார் 200 பேஸ் ஜோடிக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது எஃப்டிஏவின் 2020 வழிகாட்டி. ஆனால் உறைக்குள்ளேயே அகப்பட்டுக்கொண்ட செல் டிஎன்ஏவை எந்த என்சைமாலும் நீக்க முடியாது. எச்இகே293 செல்லில் வளர்த்தால் அதிலுள்ள இ1ஏ, இ1பி மரபணுக்களைத் தனித்தனியாகத் தேடி அளவிடுங்கள். தானே பெருகவல்ல ஏஏவி உருவாகியிருக்கிறதா என்ற சோதனையையும் விடாதீர்கள்.

வெக்டர் ஏஏவி அல்லாமல் லென்டிவைரஸ் என்றால் பட்டியல் கொஞ்சம் மாறும். வேலூர் சிஎம்சியில் ஹீமோஃபிலியா ஏ நோயாளிகள் 5 பேருக்கு லென்டிவைரஸ் வழியே மரபணு ஏற்றிய ரத்த ஸ்டெம் செல்களைத் தந்த ஆய்வு 2024 டிசம்பரில் வெளியானது. அத்தகைய வெக்டரில், பெருகும் திறன் பெற்ற வைரஸ் இல்லை என்பதைச் செல்களில் பல தலைமுறை வளர்த்து உறுதிசெய்ய வேண்டும். ஒரு செல்லுக்கு எத்தனை பிரதி ஏறியது என்பதும் முக்கியம்.

கையெழுத்துக்கு முன்

எல்லா முடிவும் வந்தபின் டைட்டர், காலி விகிதம், வீரியம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டைட்டர் கூடி வீரியம் குறைந்திருந்தால், இரண்டும் தனித்தனியே வரம்புக்குள் இருந்தாலும் காரணம் தேடுங்கள். ஒரு முடிவு வரம்பு தாண்டினால், பாஸ் ஆகும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுவது சோதனை ஆகாது. முதலில் விசாரணை, அதில் ஆய்வுக்கூடப் பிழை என்று ஆதாரத்தோடு தெரிந்தால் மட்டுமே மறுசோதனை. மூலத் தரவை அழிக்காதீர்கள், திருத்தாதீர்கள். 2019 ஆகஸ்டில் எஃப்டிஏ வெளியிட்ட அறிக்கையின்படி, சோல்ஜென்ஸ்மாவின் எலிச் சோதனைத் தரவுகள் சில மாற்றப்பட்டிருந்தன. ஒப்புதலுக்கு முன்பே அது தெரிந்தும் தயாரிப்பு நிறுவனம் பிறகுதான் சொன்னது. மனிதர்களிடம் நடந்த ஆய்வு முடிவுகள் மாறவில்லை என்று சொல்லி, மருந்து சந்தையில் தொடரலாம் என்றது எஃப்டிஏ. ஆனாலும் அந்த மருந்தைப் பெற்ற குழந்தைகளின் பெற்றோர் அப்படி ஒரு செய்தியைப் படிக்க நேர்ந்திருக்கவே கூடாது.

சந்தேகம் தீராத லாட்டை, உற்பத்திப் பிரிவு எவ்வளவு நெருக்கினாலும், நிறுத்தி வையுங்கள். நிறுத்தி வைக்கும் அதிகாரம் தரப் பிரிவுக்கு உண்டு. அதைப் பயன்படுத்தத் தயங்காதீர்கள்.