நிதானமும் அளவும்: மது அருந்தி வாகனம் ஓட்டுதலும் சட்டங்களும் – சேலம், நாமக்கல் வட்டாரப் பார்வை

தோற்றுவாய்

‘நிதானம்’ என்னும் சொல் பதற்றமின்மை, மெதுவான நடை, ஆராய்ந்தறியும் அறிவு எனச் சூழலுக்கேற்பப் பொருள் தருவதாகும். நம் வட்டாரப் பேச்சுவழக்கில் இச்சொல் வேறொரு கடமையையும் ஏற்றுள்ளது. மது அருந்தியவன் ஒருவனை, ‘வண்டியை எடுக்காதே’ என்று தடுப்போமானால், ‘நான் நிதானமாகத்தான் இருக்கிறேன்’ என்பதே அவன் கூறும் முதல் விடையாக இருக்கும். பெரும்பாலும் அவன் பொய் சொல்வதில்லை; அவ்வாறே நம்புகிறான். தன் நிதானத்துக்குத் தானே சாட்சியாக வந்து நிற்கும் இம்மனிதனின் சாட்சியத்தைச் சட்டம் எவ்வாறு நோக்கியது, எவ்வாறு தள்ளியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சேலம், நாமக்கல் வட்டாரத்தை முன்வைத்து இதனை ஆராய்வதற்குக் காரணம் உண்டு. இந்நாட்டு மதுவிலக்குச் சட்டத்தின் முதற்களங்களுள் தலையாயது இம்மண். சரக்கு வாகனத் தொழிலின் தாய்வீடுகளுள் ஒன்றும் இம்மண்ணே.

சேலம் கண்ட சட்டம்

திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி 1925ஆம் ஆண்டு காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். மதுவிலக்குக் கொள்கைக்கென்றே ‘விமோசனம்’ என்னும் திங்களிதழ் 1929இல் அங்கிருந்து வெளிவந்தது. அவ்விதழ்ப் பணியில் அவருக்குத் துணைநின்றவர் கல்கி. தமிழ் உரைநடையின் வளர்ச்சியைக் கற்கும் மாணவர்கள் ‘ஆனந்த விகடன்’ தொடங்கிக் கல்கியை அறிவரேயன்றி, இந்தச் சிற்றூர் ஆசிரம இதழை அறிவதில்லை. அது நம் மாவட்டத்துச் சொத்து என்பதற்காகவேனும் அறிந்துகொள்ளத்தக்கது.

சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக 1937 ஜூலையில் பொறுப்பேற்ற இராஜாஜி, அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளிலேயே சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளையும் உள்ளடக்கியது. மதுவரி இழப்பை ஈடுசெய்யும் பொருட்டு 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. வணிகவியல் மாணவர்கள் வரியை அறிவர். அவ்வரியின் பிறப்புக்குச் சேலத்துக் கள்ளுக்கடைகளின் மூடலும் ஒரு காரணம் என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவரோ!

அச்சட்டம் குடிப்பவனின் நிதானத்தை அளக்க முற்படவில்லை. கடையையே மூடியது. மேலும், அன்றைய சாலைகளில் மாட்டு வண்டிகளே மிகுதி. மயங்கி உறங்கிய வண்டிக்காரனை மாடு வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் உண்டு. மாகாணம் முழுமைக்கும் 1948 அக்டோபர் 2ஆம் நாள் விரிவாக்கப்பெற்ற மதுவிலக்கு, 1971இல் தளர்த்தப்பட்டுப் பின்னர்ப் பல மாற்றங்களைக் கண்டது. 1983இல் அமைக்கப்பெற்ற டாஸ்மாக் நிறுவனம் 2003இல் சில்லறை விற்பனையையும் ஏற்றது. இவ்வரலாற்றின் நன்மை தீமைகளை எடைபோடுதல் வேறொரு கட்டுரைக்கு உரியது. கடைகள் திறந்திருந்த அக்காலத்தில் சாலையில் மாடுகள் இல்லை என்பது மட்டுமே இங்கு நாம் கருதத்தக்கது.

சக்கரங்கள் பெருகிய மண்

1997இல் தனி மாவட்டமான நாமக்கல், லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளாலும் சமையல் எரிவாயு ஏற்றிச் செல்லும் டேங்கர் லாரிகளாலும் நாடறிந்தது. திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் வட மாநிலங்கள்வரை செல்கின்றன. சங்ககிரியும் லாரித் தொழிலால் வளர்ந்த ஊரே. காசுமீரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44, தொப்பூர்க் கணவாயில் இறங்கிச் சேலம், நாமக்கல் வழியே கரூருக்குச் செல்கிறது. எம் வகுப்புகளில் அமரும் மாணவர்களுள் ஓட்டுநரின் மக்களும் கிளீனர் வேலை பார்த்துக்கொண்டே படிப்போரும் எப்போதும் உண்டு. ஆகவே, இப்பொருள் எமக்கு ஏட்டுச் செய்தியன்று.

நடுவண் அரசின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 எனத் தமிழ்நாடே முதலிடம் வகித்தது. அவற்றில் மாண்டோர் 17,884 பேர்.

மது விலக்கப்பட்ட இல்லங்களில் பிறந்த நம்முள் சிலர், இப்பொருள் தமக்குத் தொடர்பற்றது எனக் கருதுதல் உண்டு. பெரியோர் சிலர் என்னிடமே அவ்வாறு கூறியுள்ளனர். தான் அருந்தாமல் இருக்கும் உரிமை ஒருவனுக்கு உண்டு. எதிரே வரும் வண்டியை ஓட்டுபவன் எவன் என்பதைத் தெரிவுசெய்யும் உரிமை எவனுக்கும் இல்லை. வைகறைத் தொழுகைக்குச் சாலையைக் கடப்பவரும், பால் கேனுடன் மிதிவண்டியில் செல்பவரும், பேருந்துக்குக் காத்துநிற்கும் மாணவியும் ஒருசொட்டும் அருந்தாதவர்களே.

திருவள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தை எங்கு வைத்தார் என்பதும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. புலால் மறுத்தலைத் துறவறவியலில் வைத்த அவர், கள்ளுண்ணாமையை அதன் அருகில் வைக்கவில்லை. அரசும் அமைச்சும் நட்பும் பேசப்படும் பொருட்பாலில் வைத்தார். ஒருவனுடைய தனியொழுக்கமாக மட்டும் அதனை அவர் கருதவில்லை என்பது என் துணிபு.

உடலில் நிகழ்வன

வயிற்றிலிருந்தும் சிறுகுடலிலிருந்தும் குருதியிற் கலக்கும் மது, மூளையைச் சென்றடையச் சில மணித்துளிகளே போதும். கை கால் தடுமாற்றம் பின்னரே வரும். அதற்கு முன்னரே தளர்வது, ஒரே நேரத்தில் பலவற்றைக் கவனிக்கும் ஆற்றலும் தன்னைத் தானே மதிப்பிடும் ஆற்றலும் ஆகும். அச்சம் குறையும்; தன் திறமையின்மீது நம்பிக்கை பெருகும். தளராத காலுடன் நிமிர்ந்து நடந்துவந்து, ‘நிதானமாக இருக்கிறேன்’ என்று கூறுபவன் உண்மையில் எதனைக் கொண்டு தன்னை அளக்கிறானோ அந்த அளவுகோலே முதலில் வளைந்துவிடுகிறது.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 22 மீட்டர் கடக்கும். தடையை மிதிக்க அரை நொடி தாமதமானால் 11 மீட்டர், அதாவது நீண்ட லாரி ஒன்றின் நீளம், கூடுதலாக ஓடிவிடும். பாரம் ஏற்றிய வண்டி தொப்பூர் இறக்கத்தில் வரும்போது அந்த 11 மீட்டரில் என்னென்ன நிற்கக்கூடும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

குருதியிலுள்ள மது குறைவதற்குக் கல்லீரலே பெரும்பாலும் பொறுப்பு. மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் என்ற அளவிலேயே, 100 மில்லிலிட்டர் குருதியில், அது குறைகிறது; ஆளுக்காள் சிறிது வேறுபடும். மோர், எலுமிச்சைச் சாறு, கட்டங்காப்பி, தலைக்குக் குளியல் ஆகிய எவையும் இவ்வேகத்தைக் கூட்டுவதில்லை. இரவு 11 மணிக்கு 150 மில்லிகிராம் அளவில் படுத்தவன், விடியற்காலை 4 மணிக்கு எழுந்து வண்டியை எடுக்கும்போது அவன் குருதியில் ஏறத்தாழ 75 மில்லிகிராம் எஞ்சியிருக்கும். அவன் உறங்கி எழுந்தவன், முகம் கழுவியவன், நேற்றுக் குடித்ததை நேற்றோடு விட்டவன். எனினும் சட்டம் வகுத்த எல்லையைப்போல் இரண்டரை மடங்கு அவனுள் உள்ளது. நம் வட்டாரத்தில் லோடு ஏற்றிய வண்டிகள் புறப்படும் நேரம் எதுவென்பதை எண்ணிப் பார்க்குமிடத்து, நள்ளிரவினும் விடியலே கவலைக்குரியதாகத் தோன்றுகிறது.

நிதானத்திலிருந்து அளவுக்கு

1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், வண்டியை உரியவாறு கட்டுப்படுத்த இயலாத அளவுக்குப் போதையில் இருப்பவனையே குற்றவாளியாகக் கொண்டது. அதாவது, நிதானம் தவறியமை மெய்ப்பிக்கப்பட வேண்டும். நாற்றம் வந்தது, தள்ளாடினான், நாக் குழறியது என்று சாட்சிகள் கூற வேண்டும். நன்கு குடித்துப் பழகியவன் தள்ளாடமாட்டான். ஆதலின் பழக்கமே அவனுக்குக் கேடயமாயிற்று.

1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 185ஆம் பிரிவு இந்நிலையை மாற்றியது. குருதியில் மது எத்துணைச் சிறிதாயினும் குற்றம் என்பதே அதன் முதல் வடிவம். 1994ஆம் ஆண்டுத் திருத்தம், 100 மில்லிலிட்டர் குருதியில் 30 மில்லிகிராமுக்கு மேற்படின் குற்றம் என்று வரையறுத்து, மூச்சுச் சோதனைக் கருவியையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 1967இல் இங்கிலாந்து வகுத்த எல்லை 80 மில்லிகிராம் என்பதை நோக்க, நம் சட்டம் கடுமையானதே. இதன்பின் ஓட்டுநர் தள்ளாடினாரா, தெளிவாகப் பேசினாரா என்னும் வினாக்களுக்கு இப்பிரிவில் இடமில்லை. சாட்சி கூறுவது அவன் நாவன்று, மூச்சு.

2019 செப்டம்பர் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, முதற்குற்றத்துக்கு ஆறு திங்கள்வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் தண்டம், அல்லது இரண்டும். மறுமுறை இரண்டாண்டுவரை சிறை, அல்லது 15,000 ரூபாய் தண்டம், அல்லது இரண்டும் விதிக்கலாம். 188ஆம் பிரிவு இக்குற்றத்துக்குத் துணைபோவோரையும் தண்டிக்கிறது. அதனைக்கொண்டு சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2022 அக்டோபரில், உடன் பயணிப்போர்மீதும் நடவடிக்கை எடுக்க முற்பட்டது. பின்னிருக்கையில் அமரும் நண்பன் இனி வேடிக்கை பார்ப்பவன் அல்லன்.

உயிரிழப்பு நேருமிடத்து நீதிமன்றங்களின் நோக்கும் மாறியுள்ளது. முன்னர்ப் பெரும்பாலும் கவனக்குறைவால் விளைந்த மரணமாகவே வழக்குகள் பதியப்பட்டன. மும்பை கார்ட்டர் சாலையில் 2006இல் நடைபாதையில் உறங்கிய தொழிலாளர் எழுவர் மாண்ட வழக்கில், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கான மூன்றாண்டுத் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2012இல் உறுதிசெய்தது. மது அருந்தி வண்டியை எடுப்பவன் விளைவை அறிந்தே எடுக்கிறான் என்னும் கருத்து அதனுள் அடங்கியுள்ளது.

கடையை நகர்த்திய தீர்ப்பு

வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கு, தமிழ்நாட்டிலிருந்து சென்று நாடு முழுவதையும் தொட்டது. நெடுஞ்சாலைகளின் விளிம்பிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடைகள் கூடா என்று 2016 டிசம்பர் 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிற்றூர்களுக்கு அத்தொலைவு 220 மீட்டராக 2017 மார்ச்சு 31ஆம் நாள் குறைக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் நகராட்சி எல்லைகளுக்குள் அத்தடை பொருந்தாது என்ற விளக்கமும் வந்தது. தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. அவற்றுக்கு மாற்றிடம் தேடி ஊர்களுக்குள் வந்தபோது பெண்கள் பலவிடங்களில் மறியல் செய்தனர்.

1937இல் மூடிய கடையும் 2017இல் நகர்ந்த கடையும் ஒரே எண்ணத்தின் இரு வடிவங்கள் எனலாம். இரண்டாவது வடிவம் மிகவும் மெலிந்தது. அரைக் கிலோமீட்டர் என்பது லாரியை ஓரமாக நிறுத்தியவனுக்குச் சில நிமிட நடை. ஆயினும் சாலையைப் பார்த்து விளக்கெரியும் கடை ஓர் அழைப்பு என்பதை ஒரு நீதிமன்றம் ஏற்றது சிறிய செய்தியன்று.

பதிவேட்டில் இல்லாதவை

அரசுக் கணக்கில் மது காரணமாகக் காட்டப்படும் விபத்துகள் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவே. இதனைக்கொண்டு அஞ்ச வேண்டுவதில்லை என முடிவுகட்டுதல் பிழையாகும். இடித்துவிட்டு ஓடியவனின் மூச்சை எவரும் அளப்பதில்லை. அடிபட்டு மருத்துவமனை சேர்ந்தவனுக்கும் இறந்தவனுக்கும் எல்லாவிடத்தும் சோதனை நிகழ்வதில்லை. முதல் தகவல் அறிக்கை ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்னும் பழைய சொற்களோடு நின்றுவிடுகிறது. வேகத்துக்குக் காரணம் எதுவென்று அச்சொற்கள் கேட்பதில்லை. 185ஆம் பிரிவின்கீழ்க் கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவர் சோதிக்க வேண்டும். தவறினால் விடுவிக்க வேண்டும் என்பது சட்டம். தனிமனித உரிமைக்கு அவ்வரம்பு தேவையே. ஆனால், அவ்விரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 30 மில்லிகிராம், அதாவது எல்லையளவு முழுவதும், குருதியிலிருந்து கரைந்துபோகும் என்பதையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும்.

சோதனை நிகழவில்லை என்பதே தப்பும் வழியாகும் என எண்ணுவோருக்கு 2021 ஏப்ரலில் வந்த ஒரு தீர்ப்பு விடையளிக்கிறது. 2007இல் தில்லியில் சேதமுற்ற விலையுயர்ந்த கார் ஒன்றுக்கு இழப்பீடு கேட்ட வழக்கு அது. மூச்சு, குருதிச் சோதனை இல்லாவிடினும், பிற சான்றுகளால் ஓட்டுநர் மதுவின் வயப்பட்டிருந்தமை விளங்குமாயின் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கடன் வாங்கி ஒரே ஒரு லாரி வைத்துப் பிழைக்கும் நம் ஊர் உரிமையாளர்க்கு இத்தீர்ப்பு தண்டத்தொகையினும் பெரிது. வண்டியும் போய், இழப்பீடும் போய், மாதத் தவணை மட்டும் எஞ்சும். லாரி அலுவலகங்களில் டீசலுக்கும் சுங்கத்துக்கும் படிக்காசுக்கும் கணக்கேடு உண்டு. சாவியைக் கொடுக்குமுன் ஓட்டுநரை மூச்சுச் சோதனைக் கருவியில் ஊதச் செய்து, வந்த எண்ணை அதே ஏட்டில் ஒரு பத்தியில் குறிக்க ஒரு நிமிடம் ஆகும். எண் 30ஐத் தாண்டினால் வண்டி எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும் என்பதை, மணிக்கு 15 என்று கழித்துக் கிளீனரே சொல்லிவிடலாம்.