ஆசாரமும் அன்பும்

எங்கும் நிறைந்திருப்பது ஒரே ஆன்மா என்பது வேதாந்தத்தின் முடிவு. இதை நூலில் படித்து ஏற்பது எளிது. தியானத்தில் சிறிது நேரம் உணர்வதும் இயலக்கூடியதே. ஆனால் இந்த உண்மை அன்றாடம் சோதிக்கப்படும் இடம் அண்டை வீடு. வயதாலும் பழக்கவழக்கங்களாலும் முற்றிலும் வேறுபட்ட ஒருவர் சுவருக்கு அப்பால் வாழ வரும்போது, நமது அத்வைதம் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? ஸ்ரீராமகிருஷ்ண பரம்பரையின் வரலாற்றில் இதற்கு ஓர் அரிய சான்று உண்டு. அது 'கோபாலேர் மா', அதாவது 'கோபாலனின் தாய்' என்று போற்றப்பட்ட அகோரமணி தேவிக்கும், சுவாமி விவேகானந்தரின் மேலைநாட்டுச் சீடர்களுக்கும் இடையே மலர்ந்த உறவாகும்.

கங்கைக் கரைத் தவம்

அகோரமணி தேவி இளம் வயதிலேயே விதவையானவர். கல்கத்தாவிற்கு வடக்கே காமார்ஹாட்டியில், கங்கையை நோக்கிய ஒரு சிறிய அறையில் நெடுங்காலம் தனித்து வாழ்ந்தார். குழந்தை கண்ணனான கோபாலனே அவரது இஷ்ட தெய்வம். இரவின் பிற்பகுதியில் எழுந்து ஜபம் செய்வது, தமது உணவைத் தாமே சமைப்பது, பிறர் தொட்டதை உண்ணாதிருப்பது ஆகியவை அவர் வாழ்வின் நியதிகள். 1884-இல் தட்சிணேசுவரத்தில் குருதேவரை முதன்முதலாகத் தரிசித்த பிறகும் இந்த நியதிகள் தளரவில்லை. ஒருமுறை சோறு பரிமாறும் துடுப்பைக் குருதேவர் தொட்டுவிட்டார் என்பதற்காக, அந்தச் சோற்றை உண்ணவும் அவர் மனம் ஒப்பவில்லை.

1885-இல் அவரது தவம் கனிந்தது. விடியற்காலை ஜபத்தின்போது குருதேவரின் உருவம் அருகில் தோன்றி, கைக்குழந்தை கோபாலனாக மாறி, வெண்ணெய் கேட்டு அவர் மடியில் ஏறிக்கொண்டது. பின்னாளில் மாஹேஷில் நடந்த தேர்த் திருவிழாவில் தேரையும், தேரில் வீற்றிருந்த ஜகந்நாதரையும், வடம் பிடித்த மக்களையும் அவர் கோபாலனாகவே கண்டார்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அனைத்தையும் இறைவனாகக் கண்ட அந்த அன்னை, அதனால் தமது ஆசாரங்களை உடனே தூக்கி எறிந்துவிடவில்லை. காட்சி ஒரு கணத்தில் வரலாம். அறுபது ஆண்டுப் பழக்கம் ஒரு கணத்தில் போவதில்லை. சித்தத்தில் பதிந்த சம்ஸ்காரங்கள் மெல்ல மெல்லத்தான் இளகும். இதை உணராதவர்களே முதியோரிடம் பொறுமை இழக்கிறார்கள்.

முதல் இளைஞர்

இளைய தலைமுறையோடு இம்மூதாட்டிக்கு ஏற்பட்ட முதல் சந்திப்பைக் குருதேவரே ஏற்படுத்தினார். அப்போது நரேந்திரர் கல்லூரிக் கல்வி பெற்ற இளைஞர். பிரம்ம சமாஜத் தொடர்பால் உருவமற்ற இறைவனை நம்பியவர். அவரிடம் தமது தரிசனங்களைச் சொல்லுமாறு குருதேவர் அன்னையைப் பணித்தார். அன்னை தயக்கத்துடன் கூறினார். கேட்ட நரேந்திரரின் கண்கள் கலங்கின. நீ படித்தவன், நானோ ஏதுமறியாத ஏழை, நான் கண்டதெல்லாம் மெய்தானா என்று அன்னை வினவ, அனைத்தும் மெய்யே என்று நரேந்திரர் உறுதி கூறினார். இங்கே வாதமில்லை, வெற்றி தோல்வியும் இல்லை. முதியவர் தமது அந்தரங்கத்தைத் திறந்தார். இளைஞர் அதைப் பணிவுடன் ஏற்றார். அவ்வளவே.

வாசலில் வந்த அயலார்

1898-இல் திருமதி சாரா புல், ஜோசபின் மெக்லவுட், சகோதரி நிவேதிதை ஆகிய மூவரும் காமார்ஹாட்டிக்குச் சென்றார்கள். பிறர் தொட்ட சோற்றை உண்ணாதவரின் அறைக்குள் கடல் கடந்து வந்த மூன்று பெண்கள்! அன்னை அவர்களது மோவாயைத் தொட்டுக் கொஞ்சினார். தமது படுக்கையிலேயே அமரச் செய்தார். பொரியும் தேங்காய் உருண்டையும் தந்தார். கோபாலனைப் பற்றி அவர்கள் கேட்டபோது மனமுவந்து சொன்னார்.

ஆயினும் ஒருநாள் விருந்தினராக வருவது வேறு, அருகிலேயே வாழ்வது வேறு. அதே ஆண்டு நவம்பரில் நிவேதிதை பாக்பஜார் போஸ்பாரா சந்தில் அன்னை ஸ்ரீசாரதாதேவியின் இல்லத்தில் சில நாட்கள் தங்கினார். தமது வரவு அன்னையின் கிராமத்து உறவினர் வரை எத்தகைய சமூகச் சங்கடத்தை விளைவிக்கக்கூடும் என்பதை அப்போது தாம் அறிந்திருக்கவில்லை என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். பின்னர் அதே சந்தில் தனி வீடு எடுத்துப் பெண்களுக்கான பள்ளியை நடத்தினார். நல்லெண்ணம் மட்டும் போதாது. நமது நெருக்கத்தினால் பிறர் தரும் விலை என்ன என்பதையும் அறிய வேண்டும் என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

ஒரே கூரையின் கீழ்

காலம் சென்றது. முதுமையும் நோயும் கோபாலேர் மாவைத் தளரச் செய்தன. அப்போது நிவேதிதை அவரைத் தமது வீட்டிற்கே அழைத்து வந்தார். அங்கே அவருக்கெனத் தனி அறை. அவருக்குரிய உணவு பிராமணக் குடும்பத்தார் மூலம் கிடைக்க ஏற்பாடு. ஜபம் தடையின்றி நடந்தது. அன்னை அயல்நாட்டுப் பெண்ணின் வீட்டில் வாழ இசைந்தார். அதுவே அவர் கடந்த பெருந்தொலைவு. 'இவ்வளவு தூரம் வந்தவர் என் கையால் உண்டால் என்ன?' என்று நிவேதிதை அவரைச் சோதிக்கவில்லை. அது நிவேதிதை கடந்த தொலைவு.

1906 ஜூலையில் இறுதி நெருங்கியபோது, வழக்கப்படி அன்னையைக் கங்கைக் கரைக்குக் கொண்டு சென்றார்கள். நிவேதிதை தம் கையாலேயே அவரது படுக்கையை மலர்களால் அலங்கரித்தார். வெறுங்காலுடன் கண்ணீர் மல்க உடன் நடந்தார். ஜூலை 8-ஆம் நாள் அந்தத் தவ வாழ்வு நிறைவுற்றது.

நமக்குரிய சாதனை

பார்வையில் சமத்துவம், நடைமுறையில் பிறர் நியதிக்கு மதிப்பு: இவ்விரண்டும் சேர்ந்ததே இவ்வுறவின் இரகசியம். சமதரிசனம் என்பது எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவதன்று. அறிஞனிடமும் விலங்கினிடமும் ஒரே பரம்பொருளைக் காண்பவனே பண்டிதன் என்று கீதையின் ஐந்தாம் அத்தியாயம் கூறுகிறது. காண்பதைப் பற்றித்தான் அங்கே பேச்சு. ஆனால் அந்தப் பார்வை உண்மையானால், அது நாளடைவில் நடத்தையிலும் கனிவாக வெளிப்பட்டே தீரும். பிறரைத் தாழ்ந்தவராகக் கருதுவதற்கு ஆசாரம் ஒருபோதும் சாக்காகாது.

இன்று நமது அடுக்கு மாடிகளில் எத்தனையோ மூதாட்டிகள் தனித்து வாழ்கிறார்கள். அடுத்த வீட்டில் இளம் தம்பதியர். காலணியை எங்கே விடுவது, எந்த நேரத்தில் ஒலி எழுப்புவது, அடுக்களைக்குள் யார் வரலாம் என்பன போன்ற சிறு செய்திகளே மனங்களுக்கிடையே சுவராகின்றன. இளையவர், 'பாட்டி காலத்திற்கேற்ப மாறட்டும்' என்கிறார். முதியவர், 'இவர்கள் ஒழுங்கைக் கற்கட்டும்' என்கிறார். இருவரும் மற்றவரது சாதனையைச் செய்ய விரும்புகிறார்கள். தமக்குரியதைச் செய்ய மறந்துவிடுகிறார்கள். முதியவரின் சாதனை உள்ளத்தை விரிப்பது. இளையவரின் சாதனை கைகளை அடக்கமாக வைத்துக்கொண்டு சேவை செய்வது.

கோபாலன் வெண்ணெய் கேட்டு வந்தது அதிகாலையில், அழையாத நேரத்தில். அடுத்த வீட்டார் நம் கதவைத் தட்டும் நேரமும் பெரும்பாலும் அத்தகையதே. எழுந்து சென்று திறப்போமாக.