பிள்ளைகளுடன் வெளியே செல்லும் தகப்பனாருக்கு

யூஸுஃப் (அலை) அவர்களின் சரித்திரத்தை நாம் பலமுறை ஓதியிருக்கிறோம், பயான்களில் கேட்டிருக்கிறோம். அதன் தொடக்கத்தில் வரும் ஒரு சிறிய உரையாடலை மட்டும் இங்கே நினைவுபடுத்த விரும்புகிறேன். அண்ணன்மார்கள் தந்தையிடம் வந்து, நாளைக்குத் தம்பியை எங்களோடு அனுப்புங்கள், அவன் வயிறாரத் தின்று விளையாடி வரட்டும் என்று கேட்கிறார்கள். அவர்களுடைய உள்ளத்தில் இருந்த வஞ்சகம் வேறு விஷயம். தந்தை யஃகூப் (அலை) அவர்கள் சொன்ன பதிலைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

நபியின் வீட்டுப் பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை. வெட்டவெளியில் என்ன வேலை என்றும் கேட்கவில்லை. பிள்ளையைப் பிரிந்திருப்பது தமக்கு வருத்தம் தரும் என்றார்கள். நீங்கள் கவனமற்று இருக்கும் நேரத்தில் ஓநாய் அவனைத் தின்றுவிடுமோ என்று அஞ்சுவதாகச் சொன்னார்கள். அவர்கள் பயந்தது விளையாட்டைக் கண்டு அல்ல, கவனக்குறைவைக் கண்டுதான். குர்ஆன் அங்கே பயன்படுத்தும் சொல் ‘காஃபிலூன்’ என்பதாகும். ஃகஃப்லத், அதாவது அசட்டை, என்று நாம் அன்றாடம் சொல்லும் அதே சொல்.

எங்கள் பீளமேட்டுப் பகுதியில் பெரும்பாலான தகப்பன்மார் ஃபஜ்ருக்குப் பின் வேலைக்குப் புறப்பட்டு, பிள்ளைகள் உறங்கிய பிறகு வீடு திரும்புகிறவர்கள். மில், பவுண்டரி, மோட்டார் பம்பு பட்டறை, கடை என்று ஆளுக்கொரு வேலை. வாரத்தில் ஒரு நாள்தான் பிள்ளையின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க முடிகிறது. அந்த ஒரு நாளிலும், “ஊர் சுற்றுவதெல்லாம் துன்யாவின் வேலை. மதரஸாவும் பள்ளிக்கூடமும் வீடும் போதாதா?” என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். பேணுதலான மனிதர்கள்தாம். ஆனால் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அந்த நாள் முழுவதும் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு மூலையில் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். அது எந்த வகையில் துன்யாவுக்கு அப்பாற்பட்டது என்று எனக்கு விளங்கவில்லை.

நபி (ஸல்) அவர்கள் ஊருக்கு வெளியே செல்வதுண்டா என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஷுரைஹ் என்பவர் கேட்டார். மேட்டிலிருந்து நீர் இறங்கி ஓடும் ஓடைப் பக்கங்களுக்குச் செல்வார்கள் என்று அன்னையவர்கள் பதில் சொன்னார்கள். ஒருமுறை அப்படிப் புறப்படும்போது, இன்னும் பழக்கப்படாத ஒட்டகம் ஒன்றைத் தமக்கு அனுப்பி, அதனிடம் மென்மையாக நடந்துகொள்ளும்படி கூறியதையும் அவர்கள் அறிவிக்கிறார்கள். அபூதாவூதில் உள்ள ஹதீஸ் இது. தூதுத்துவத்தின் பாரமெல்லாம் தோளில் இருக்க, ஓடைக்கரைக்குப் போய்வர அவர்களுக்கு நேரம் இருந்திருக்கிறது. போகும்போது குடும்பத்தாரையும் அழைத்திருக்கிறார்கள்.

சிறுவர்களிடம் அவர்கள் நடந்துகொண்ட விதமும் அப்படியே. அபூ உமைர் என்ற சிறுவர் ஆசையாக வளர்த்த குருவி இறந்து போயிற்று. வீட்டுக்கு வந்த நபி (ஸல்) அவர்கள் அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்து, குருவி என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியிருக்கிறது. பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்துகொண்டே தொழுதார்கள். ஸுஜூதுக்குப் போகும்போது இறக்கி வைத்து, எழும்போது தூக்கிக்கொண்டார்கள். பெண் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு ஆண் பிள்ளையை மட்டும் வண்டியில் ஏற்றிச் செல்லும் தகப்பனார்கள் இந்தச் செய்தியைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கட்டும்.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது வாகனத்தில் நபியவர்களின் பின்னால் அமர்ந்து சென்றார்கள். அல்லாஹ்வின் கட்டளையைப் பேணு, அவன் உன்னைப் பேணுவான் என்று தொடங்கும் பெரிய பாடத்தை அந்தப் பயணத்தில்தான் கற்றார்கள் (திர்மிதி). பின் இருக்கையில் இருக்கும் பிள்ளைக்கு நம் முகம் தெரியாது. நம் குரல் மட்டும்தான் கேட்கும். வீட்டில் கேட்கத் தயங்கும் கேள்விகளையெல்லாம் பிள்ளைகள் வண்டியில் கேட்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அதற்காக ஒரே ஸ்கூட்டரில் ஐந்து பேர் ஏறிக்கொண்டு தவக்குல் என்று சொல்லிவிடக் கூடாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கச் சொன்னார்கள்.

இனி, என்னிடம் நேர்ந்த தவறு ஒன்றைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பிள்ளைகளை ஆழியாறுக்கு அழைத்துப் போயிருந்தேன். ளுஹரை நேரத்தில் தொழுதுவிட்டோம். பிறகு பூங்கா, அணைக்கட்டு, குரங்கு அருவி என்று சுற்றியதில் பொழுது போனது தெரியவில்லை. திரும்பும் பஸ்ஸில் நெரிசல். பொள்ளாச்சி வந்து சேர்வதற்குள் சூரியன் இறங்கிவிட்டது. அப்போது ஏழு வயதான என் மகள் தூக்கக் கலக்கத்தோடு, “ஏங்கத்தா, ஊர் சுத்தப் போனா அஸர் கிடையாதுங்களா?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உண்மையாகவே அப்படி ஒரு சட்டம் இருக்கிறதோ என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஏழு வயதில் தொழுகையை ஏவுங்கள் என்ற கட்டளைப்படி, மூன்று மாதமாக அவளுக்குச் சொல்லிக்கொண்டு வந்ததை ஒரே மாலையில் நான் அழித்திருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பள்ளிவாசலைத் தேடிப் போய், அஸரைக் களா செய்து மஃரிபைத் தொழுதேன். அத்தா செய்தது தப்பு, அப்படிச் சட்டம் கிடையாது என்று அவளிடம் சொன்னேன். ஓநாய் வந்து போனது எனக்குத் தெரியவில்லை என்பதே உண்மை.

அன்றைக்குப் பிறகுதான் பயணச் சட்டங்களை ஒழுங்காகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பலருக்கும் இதில் மயக்கம் இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கும் கஸ்ருக்கு, ஹனஃபி மத்ஹபில் நம் நாட்டு ஆலிம்கள் 48 மைல் என்று அளவு சொல்கிறார்கள். ஏறக்குறைய 77 கிலோமீட்டர். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா. அது 80 கிலோமீட்டருக்குச் சற்று மேலே வருகிறது. இது போகிற தூரம் மட்டும்தான். போக வர இரண்டையும் கூட்டிக் கணக்குப் பார்ப்பது தவறு. கணக்கு ஆரம்பிப்பதும் வீட்டு வாசலிலிருந்து அல்ல, ஊரின் குடியிருப்பைத் தாண்டிய இடத்திலிருந்துதான். ஆகவே சிறுவாணி மலையடிவாரத்திலுள்ள கோவைக் குற்றாலம், மேட்டுப்பாளையம், ஆனைகட்டி ஆகிய எதற்கும் கஸ்ர் கிடையாது. ஆழியாறு சுமார் 65 கிலோமீட்டர், அதற்கும் கிடையாது. ஊட்டி மட்டும் எல்லைக்கோட்டில் நிற்கிறது. சாலைக் கணக்கில் கோவையிலிருந்து ஏறத்தாழ 86 கிலோமீட்டர் என்றாலும், ஊர் வளர்ந்து வளர்ந்து அதன் எல்லை வடக்கே எவ்வளவோ தூரம் போய்விட்டது. ஊட்டிக்குப் புறப்படுமுன் தம் மஹல்லா இமாமிடம் கேட்டுக்கொள்வதே நல்லது.

கஸ்ர் இல்லாத பயணத்தில், பயணத்தின் பெயரால் சேர்த்துத் தொழும் ஜம்உக்கும் இரு மத்ஹபிலும் இடமில்லை. ஹனஃபிகளுக்கு ஹஜ்ஜைத் தவிர வேறு எங்குமே அது இல்லை. ஆகவே ஒவ்வொரு தொழுகையையும் அதனதன் நேரத்தில்தான் தொழ வேண்டும். அருவியில் தண்ணீர் சில்லென்று இருக்கிறது என்பதற்காகத் தயம்மும் செய்பவர்களும் இருக்கிறார்கள். உடலுக்குக் கேடு வரும் என்ற உண்மையான அச்சம் இல்லாதவரையில், தண்ணீர் ஓடும் இடத்தில் தயம்மும் கூடாது. பூமி முழுவதும் இந்த உம்மத்துக்குத் தொழுமிடமாக்கப்பட்டிருப்பதால், பள்ளிவாசல் இல்லையே என்பது காரணமாகாது. ஒரு விரிப்பும் ஒரு செம்பும் பையில் இருந்தால் போதும்.

கிப்லாவை அறிவதும் நம் ஊரில் எளிது. நேர் மேற்கைப் பார்த்து நின்று, வலப்பக்கமாக, அதாவது வடக்கே, சுமார் 20 பாகை திரும்ப வேண்டும். பீளமேட்டிலிருந்து பார்த்தால் ஆனைகட்டி மலைப்பக்கம் ஏறக்குறைய இதே திசையில்தான் இருக்கிறது. மாடியில் நின்று அந்த மலைகளைப் பிள்ளைகளுக்கு ஒருமுறை காட்டிவிட்டால் பிறகு மறக்க மாட்டார்கள்.

மலை ஏறும்போது தக்பீரும் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்லி வந்ததாக ஜாபிர் (ரலி) அறிவிப்பது புகாரியில் இருக்கிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தக்பீர் என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். அவர்களே எண்ணிச் சொல்லிக்கொண்டு வருவார்கள். வயிற்றைப் புரட்டுவதும் கொஞ்சம் குறையும்.

தண்ணீர் விஷயத்தில் யஃகூப் நபியவர்களின் அச்சத்தை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். அணையின் கீழ்ப்புறத்தில் மேலிருந்து நீர் திறந்து விட்டால் ஆழம் சட்டென்று ஏறிவிடும். அருவிப் பாறைகள் பாசி பிடித்து வழுக்கும். முழங்கால் தண்ணீர்தானே என்று கரையில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தகப்பனாரின் கண்ணெதிரிலேயே பிள்ளை போய்விடும். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கூச்சல் போடுவதில்லை என்பதைப் பலர் அறியாதிருக்கிறார்கள். கை எட்டும் தூரத்தில் நிற்பதுதான் காவல். வெள்ளம் என்று வனத்துறையினர் அருவியை மூடியிருந்தால், இவ்வளவு தூரம் வந்தோமே என்று வாதாடாமல் திரும்பிவிட வேண்டும்.

இன்னொன்று, நீர்த்துறையிலும் நடைபாதையிலும் மக்கள் ஒதுங்கும் நிழலிலும் மலஜலம் கழிப்பது சாபத்துக்குரியது என்று ஹதீஸில் வந்திருக்கிறது. பிள்ளைதானே என்று ஓடைக்கரையில் உட்கார வைக்கிறோம், அது சரியல்ல. கட்டுச்சோறு சாப்பிட்ட இலையையும் பையையும் விட்டு வருவதும் அதோடு சேர்ந்ததுதான்.

பறவை, பிராணி விஷயத்திலும் ஒரு பாடம் உண்டு. ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் குருவிக் குஞ்சுகள் இரண்டை எடுத்துவிட்டார்கள். தாய்க்குருவி தவித்து வட்டமிட்டது. நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டு, குஞ்சுகளைத் தாயிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவித்து அபூதாவூதில் இருக்கும் செய்தி இது. குரங்கின் மேல் கல்லெறியும் பிள்ளையின் கையைப் பிடித்து நிறுத்தி, அந்த இடத்திலேயே இதைச் சொல்ல வேண்டும். வீட்டில் சொன்னால் கதை. அங்கே சொன்னால் பாடம்.

ஆனைகட்டி வழியில் ஸாலிம் அலி பறவையியல் நிலையத்தின் பெயர்ப்பலகை இருக்கிறது. 1990-ல் தொடங்கப்பட்ட நிலையம் அது. அந்தப் பெயர் யாருடையது என்று பிள்ளைகள் கேட்டால் தகப்பனாருக்குச் சொல்லத் தெரிய வேண்டும். 1896-ல் பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்து, தாய்மாமன் அமீருத்தீன் தய்யிப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியை வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் கறை போல இருந்தது. இந்தப் புதுவிதக் குருவி முஸ்லிம் உண்ணத் தகுந்ததுதானா என்று சந்தேகம் வந்து, அதை மாமனிடம் கொண்டு போனார். மாமனுக்கும் அந்தப் பறவையைத் தெரியவில்லை. போடா என்று விரட்டாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராயிருந்த மில்லார்டு என்பவரிடம் சீட்டுக் கொடுத்து அனுப்பினார். அங்கே தொடங்கிய பறவை ஆராய்ச்சி, ஸாலிம் அலி 1987-ல் மறையும்வரை ஓயவில்லை. அவர் மார்க்க அறிஞர் அல்லர். அதற்காக இங்கே பெயரைச் சொல்லவில்லை. அந்த மாமனுக்காகத்தான் சொல்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தெரிந்தவரிடம் அனுப்பத் தெரிந்த பெரியவர் அவர்.

பயணம் என்றால் தூரம் போகத்தான் வேண்டும் என்பதில்லை. எங்களுக்கு நாலைந்து கிலோமீட்டரில் சிங்காநல்லூர்க் குளம் இருக்கிறது. நொய்யல் நீரால் நிறையும் குளம். கூழைக்கடாவும் நீர்க்காகமும் தாழைக்கோழியும் வரும். செலவு ஒன்றுமில்லை. வீட்டுக்காரம்மாவைச் சோறு கட்டச் சொல்லித் தொந்தரவு செய்யவும் வேண்டியதில்லை. அந்த இரண்டு மணி நேரம் அவர்களுக்கும் ஓய்வு.

அங்கே நாங்கள் ஒரு முழக் குச்சியை நட்டு நிழல் பார்ப்பது வழக்கம். நடுப்பகலில் குச்சிக்கு எவ்வளவு நிழல் இருக்கிறதோ அதை முன்பே அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். கோவையில் டிசம்பர் கடைசியில் அது குச்சியின் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். ஏப்ரல் 18, 19 வாக்கிலும் ஆகஸ்டு 24 வாக்கிலும் பகல் 12 மணி 20 நிமிடம் சுமாருக்கு நிழலே இராது. இடைப்பட்ட மாதங்களில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுவதால் நிழல் தெற்கே விழும். அந்த நடுப்பகல் நிழலோடு இன்னும் ஒரு குச்சி நீளம் கூடினால் ஷாஃபிஈ மத்ஹபில் அஸர் வந்துவிடும். இரண்டு குச்சி நீளம் கூடினால் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கூற்றுப்படி அஸர். அவர்களுடைய மாணவர்களான அபூயூஸுஃப், முஹம்மது (ரஹ்) இருவரும் ஒரு மடங்கிலேயே அஸர் வந்துவிடும் என்கிறார்கள். பஸ் புறப்படப் போகிறது என்ற நெருக்கடியில் இது ஹனஃபிகளுக்கும் உதவும் என்று எங்கள் ஹஜ்ரத் சொன்னார்கள்.

போன மே மாத விடுமுறையில் என் மகள் நிழலை அளந்துவிட்டு, “அத்தா, அஸர் வந்திருச்சுங்க” என்று ஓடி வந்தாள். நாம் ஹனஃபி, அவசரமும் இல்லை, இன்னும் ஒரு குச்சி நீளம் வரட்டும் என்றேன். சரியென்று அந்தக் குச்சியின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். தம்பி அதைப் பிடுங்க வந்தபோது மட்டும் சத்தம் போட்டாள்.