வளரிக்காரர் ஏன் வேடிக்கை பார்க்கிறார்?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் விடுமுறை நாட்களில் மேசை ரோல்பிளேயிங் ஆட்டம் ஆடுகிறோம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளைத் தழுவி, கதையை எங்கள் ஊருக்கே கொண்டுவந்துவிட்டேன். சங்க காலத்துக் கானப்பேர்க் கோட்டை, அதைச் சுற்றிக் காடு, அதற்குள் நுழையப் பார்க்கும் நால்வர்: வளரிக்காரர், வைத்தியர், கோடாங்கி, சித்தர். ஆட்டத்தை நடத்துவது நான். முதல் சில லெவல்கள் நன்றாகப் போயின. ஐந்தாம் லெவல் வந்ததிலிருந்து சித்தர் ஒருவரே எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார். தீயை வரவழைத்து எதிரிகளைப் பொசுக்குகிறார். உடலை லேசாக்கி மிதக்கவைக்கும் லகிமா சித்தியால் மதிலைத் தாண்டுகிறார். வளரிக்காரராக ஆடும் என் அத்தை மகன் போன தடவை பாதி நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சித்தரின் சக்தியைக் குறைக்கலாம் என்றால், அதை ஆடும் நண்பன் கோபித்துக்கொள்கிறான். எப்படிச் சரிசெய்வது?
- வாசகர், காளையார்கோவில்

பதில்: தம்பி, சித்தரின் சக்தியில் கை வைக்காதீர்கள். உங்கள் நண்பர் கோபப்படுவது நியாயம். தீயை வரவழைக்கத்தான் அவர் சித்தரைத் தேர்ந்தெடுத்தார். சக்தியை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு அவர் கொடுக்கும் விலையை மாற்றுங்கள்.

இந்தச் சிக்கல் ஆட்டத்தோடு கூடப் பிறந்தது. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது போர்வீரர், மந்திரவாதி, சமயகுரு என்று மூன்றே கிளாஸ், அதாவது கதாபாத்திர வகை. முதல் லெவல் மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். அதைச் சொல்லிவிட்டால் மனதிலிருந்து அழிந்துபோகும், மறுபடி படித்து ஏற்றிக்கொள்ள வேண்டும். ஜாக் வான்ஸ் 1950-ல் எழுதிய ஒரு கதைநூலிலிருந்து எடுத்த யோசனை இது. அந்த மந்திரவாதி ஆரம்பத்தில் நோஞ்சான், பிற்பாடு மலை. போர்வீரர் படிப்படியாக ஏறுவார். மந்திரவாதியோ ஒவ்வொரு லெவலிலும் மந்திரத்தின் வலிமையும் எண்ணிக்கையும் சேர்ந்தே கூடுவதால் பாய்ந்து போவார். நீங்கள் ஐந்தாம் லெவலில் பார்ப்பது அந்தப் பாய்ச்சலைத்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் வளரிக்காரர் இருபது முகப் பகடையில் 9 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடிக்கிறார் என்று வையுங்கள், அது 60 சதவீத வாய்ப்பு. அடி விழுந்தால் ஓர் ஆறுமுகப் பகடையோடு 4 சேர்த்து, சராசரி 7.5. ஆக ஒரு சுற்றுக்கு 4.5, நான்கு சுற்றுச் சண்டைக்கு 18. சித்தரின் தீக்கு அதே ஆறுமுகப் பகடை நான்கு, சராசரி 14. மூன்று எதிரிகள் சிக்கினால் 42. நாளைக்கு மூன்று முறை முடியும் என்றால் 126. ஒரு நாளில் ஒரே ஒரு சண்டை வைத்தீர்களானால் 126-க்கு 18. அத்தை மகன் போனை எடுக்காமல் என்ன செய்வார்? அதே நாளில் ஆறு சண்டை வையுங்கள். வளரிக்காரர் 108-க்கு வந்துவிடுவார், சித்தர் அதே 126-ல் நிற்பார். ஒரு விதியையும் நீங்கள் தொடவில்லை. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் வழிகாட்டி நூல், ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மோதல்களை ஒரு குழு தாங்கும் என்று கணக்கு வைப்பதும் இதற்காகத்தான். நம்மில் பெரும்பாலோர் ஒரு மாலையில் ஒரு பெரிய சண்டையை முடித்துவிட்டு, கதாபாத்திரங்களைத் தூங்க வைத்துவிடுகிறோம். சித்தர் மறுநாள் மூன்று தீயோடு எழுந்து வருகிறார்.

ஒரே மாலையில் ஆறு சண்டை ஆட உங்களுக்கு நேரம் இருக்காது. ஆகவே தூக்கத்தை அரிதாக்குங்கள். காட்டுக்குள் படுத்தால் களைப்பு தீரும், சக்தி திரும்பாது. உங்கள் ஊர்க் கோவில் குளமான ஆனைமடுவின் கரையில் ஓர் இரவு முழுக்க அமர்ந்திருந்தால்தான் திரும்பும் என்று வையுங்கள். இரண்டு மூன்று வாரத்து ஆட்டம் சேர்ந்து ஒரே 'நாள்' ஆகிவிடும். காட்டின் நடுவில் நின்று ஆனைமடுவுக்குத் திரும்பலாமா, மிச்சமிருக்கும் ஒரு தீயோடு மேலே போகலாமா என்று நால்வரும் வாதாடுவார்கள். அந்த வாதம்தான் நல்ல ஆட்டம்.

உங்கள் ஊரே இன்னொரு பாடம் வைத்திருக்கிறது. 1801-ல் மருது சகோதரர்களை எதிர்த்து வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படை சிறுவயல் பக்கமிருந்து காட்டை வெட்டி வழி போட்டுக் காளையார்கோவிலை எட்டப் பார்த்தது. பீரங்கியும் துப்பாக்கியும் இருந்தும், வாரக் கணக்கில் வெட்டிவிட்டு அந்த முயற்சியைக் கைவிட வேண்டியதாயிற்று. வெட்டவெளியில் யாராலும் வெல்ல முடியாத ஆயுதம் புதருக்குள் பாதி பயனற்றுப் போயிற்று. பிறகு பல பக்கமிருந்தும் வளைத்துத்தான் அக்டோபர் முதல் தேதி உள்ளே நுழைந்தார்கள். அந்தப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், தனக்கு வளரி எறியக் கற்றுக்கொடுத்தவரே சின்ன மருதுதான் என்று பிற்பாடு தன் நூலில் எழுதினார். ஒரு கிளாஸின் பலம் அதன் தாளில் பாதிதான் இருக்கிறது. மறு பாதி களத்தில் இருக்கிறது. உங்கள் சண்டைகளெல்லாம் திறந்த பொட்டலில் நடக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். நெருக்கமான காட்டில் தீயை விட்டால் அது நண்பர்கள் நிற்கும் புதரையும் பிடிக்கும். எதிரிகள் மரத்துக்கு ஒருவராய்ப் பிரிந்து நின்றால், மூன்று பேரைப் பொசுக்கும் தீ ஒருவரைத்தான் பொசுக்கும். அங்கே வளரிக்கு வேலை வந்துவிடும்.

இதுவரை சொன்னது அடிதடிக் கணக்கு. உண்மையில் என்னைக் கவலைப்படுத்துவது தீ அல்ல, லகிமா. தீ எதிரியைக் கொல்கிறது. லகிமா இன்னொருவரின் வேலையைப் பறிக்கிறது. 1974-ன் அந்தப் பழைய ஆட்டத்தில் பூட்டைத் திறக்கும் மந்திரம் முதலிலேயே இருந்தது. பூட்டைத் திறப்பதையே தொழிலாகக் கொண்ட திருடர் 1975-ல்தான் வந்தார். வந்த அன்றே அவர் வேலைக்குப் போட்டி இருந்தது. கானப்பேர் எயிலைப் பாடிய புறநானூற்றுப் புலவர் அதற்கு ஆழமான அகழி, உயர்ந்த மதில், வெயில் நுழையாத காவற்காடு என்று அடுக்கடுக்கான அரண்களைக் காட்டுகிறார். அதைவிட நல்ல வரைபடம் உங்களுக்குக் கிடைக்காது. ஒவ்வோர் அரணையும் ஒருவர் திறக்கட்டும். காட்டுக்குள் தடம் பார்ப்பவர் வளரிக்காரர். அகழித் தண்ணீரில் கலந்த நஞ்சை முறிப்பவர் வைத்தியர். மதிலை லகிமா தாண்டட்டும், ஆனால் மனம் ஒருமித்து நிற்கும்வரைதான் உடல் மிதக்கும். அந்த நேரத்தில் வேறு சித்தி கூடாது. அம்பு பட்டால் பகடை உருட்ட வேண்டும், தவறினால் கீழே விழுவார். ஐந்தாம் பதிப்பில் இப்படியொரு விதி உண்டு, அந்தப் பதிப்பின் மிகச் சிறந்த விதி அதுதான் என்பேன். சித்தர் மிதக்கும் அந்தச் சில கணங்கள், மதில்மேல் நிற்கும் வில்லாளிகளைத் தலைதூக்க விடாத வளரிக்காரரின் கையில் இருக்கும்.

கோடாங்கியையும் கவனியுங்கள், அடுத்து உடையப்போவது அதுதான். குறி சொல்லும் சக்தி யாரையும் அடிக்காது. ஆனால் நீங்கள் பாடுபட்டுக் கட்டிய மர்மத்தை ஒரே கேள்வியில் அவிழ்த்துவிடும். ஓர் இரவுக்கு மூன்று கேள்வி போதும். உடுக்கைச் சத்தம் காவலர் காதிலும் விழும் என்று வையுங்கள். பதில் எப்போதும் உண்மையாக இருக்கட்டும், முழுதாக இருக்க வேண்டியதில்லை. கோடாங்கிகள் இன்றும் உங்கள் பக்கத்து ஊர்களில் மதிப்போடு வாழ்கிறவர்கள். அந்தக் கிளாஸைப் பேய் பிசாசுக் கேலிக்கூத்தாக ஆக்கிவிடாதீர்கள்.

சித்தருக்கு இன்னொரு விலையும் உண்டு, அதை நம் கூத்து மேடையே கற்றுத்தரும். கர்ணனைப் பாருங்கள். இந்திரன் கொடுத்த சக்தி ஒரே ஒருமுறைதான். அருச்சுனனுக்கென்று பொத்தி வைத்திருந்ததைக் கடோற்கசன் மேல் எறிய வைத்துவிடுகிறான் கண்ணன். நாகாத்திரத்தை இரண்டாம் முறை விடுவதில்லை என்று குந்திக்குக் கொடுத்த வாக்கு இன்னொரு பூட்டு. பரசுராமர் சாபமோ, தேவைப்படும் வேளையில் மந்திரத்தையே மறக்கடிக்கிறது. எந்த அத்திரத்தின் வேகத்தையும் யாரும் குறைக்கவில்லை. எப்போது விடுவது என்பதுதான் கதையை நடத்துகிறது. உங்கள் நண்பரையே கேளுங்கள்: 'உன் சித்தர் என்ன விரதம் காக்கிறார்?' இரவில் தீ மூட்டுவதில்லை, புறமுதுகிட்டவரைச் சுடுவதில்லை என்று அவரே ஒன்றைச் சொல்லட்டும். அதை மீறினால் ஆனைமடுவுக்குப் போய்த் திரும்பும்வரை சக்தி இல்லை. தானே கட்டிக்கொண்ட விரதத்துக்கு யாரும் கோபிப்பதில்லை.

பரசுராமர் சாபத்தை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். திடீரென்று மந்திரம் மறந்துபோகும் என்று பகடையிடம் விட்டால், கூத்தில் கண்ணீர் வரும், ஆட்டத்தில் எரிச்சல்தான் வரும். விலை என்னவென்று ஆடுகிறவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாருக்கும் ஒரே அளவு சக்தி, ஒரே மாதிரிப் பெட்டிகள் என்று சமமாக்கும் வழியும் உண்டு. 2008-ல் வந்த நான்காம் பதிப்பு அதைச் செய்து பார்த்தது. கணக்கு கச்சிதமாக வந்தது. ஆனால் போர்வீரரும் மந்திரவாதியும் ஆடுகையில் ஒரே மாதிரி இருக்கிறார்கள் என்று பலர் விலகினார்கள். 1987-ல் வந்த ஆர்ஸ் மேஜிகா நேர்எதிர்: மந்திரவாதிதான் பெரியவர் என்று ஒப்புக்கொண்டு, யார் எப்போது மந்திரவாதியாக ஆடுவது என்பதை மாற்றி மாற்றி வைத்தது. விடுமுறைக்கு விடுமுறை கூடும் உங்கள் குழுவுக்கு இரண்டாவது வழி ஒத்துவரலாம். அடுத்த கதையில் அத்தை மகன் சித்தராகட்டும்.

நடுவில் விதியை மாற்றுவதை ஆட்டத்துக்குள் தண்டனையாகச் செய்யாதீர்கள். ஆட்டம் தொடங்கும் முன் நால்வரையும் வைத்துப் பேசுங்கள். முதலில் ஆனைமடு விதியை மட்டும் போட்டு இரண்டு மூன்று முறை ஆடிப் பாருங்கள். மனம் ஒருமிக்கும் விதி அதற்குப் பிறகு. எல்லாவற்றையும் ஒரே மாலையில் மாற்றினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் வளரிக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: இன்று அவர் இல்லாவிட்டால் எது நடந்திருக்காது? அவர் யோசிக்காமல் பதில் சொல்லும்வரை சண்டைக் களங்களை மாற்றிக்கொண்டே இருங்கள்.