காசில் பொறித்த பெயர்



கெலாங் பாத்தாவில் கல்லாவில் அமர்ந்து நாள்தோறும் காசு எண்ணும் நாம், அதில் ஆட்சியாளர் பெயரை ஏன் பொறிக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. இம்மாதம் அதைச் சற்று ஆராய்வோம்.

முற்கால முஸ்லிம் அரசுகளில் ஆட்சியுரிமைக்கு அடையாளங்கள் இரண்டு. ஒன்று, ஜும்ஆ குத்பாவில் அரசர் பெயரை ஓதுதல். மற்றது சிக்கா, அதாவது நாணயத்தில் அவர் பெயரைப் பொறித்தல். பாரசீகத்தை ஆண்ட மங்கோலியரின் வெள்ளிக் காசுகளில், தொலைதூரத்திலிருந்த பேரரசர் காகானின் பெயர் இருந்து வந்தது. 1295-இல் இஸ்லாத்தைத் தழுவி அரியணை ஏறிய கஸான் கான் அப்பெயரை நீக்கிவிட்டார். இனித் தாம் எவருக்கும் கீழல்லர் என்பதைக் காசே ஊருக்குச் சொல்லிற்று.

நம் தமிழகத்திலும் இவ்வாறு நடந்ததுண்டு. தில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக் 1329 அளவில், வெள்ளித் தங்காவின் மதிப்புடையவை என்று கூறிப் பித்தளை, செம்புக் காசுகளை வெளியிட்டார். சுல்தானுக்குப் பணிந்தவர் ரஹ்மானுக்குப் பணிந்தவர் என்னும் பொருள்பட அவற்றில் வாசகமும் பொறித்தார். என்ன பயன்? கள்ளக் காசு பெருகி வாணிபம் குலைந்தது. முடிவில் கஜானாவைத் திறந்து, பொன்னும் வெள்ளியும் கொடுத்து அவற்றைத் திரும்பப் பெற நேர்ந்தது.

அவருடைய ஆளுநராக மதுரையிலிருந்த ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா, 1335 அளவில் தம் பெயரிலேயே காசு அடித்துத் தனியரசு கண்டார். தண்டிக்கப் புறப்பட்ட தில்லிப் படை வாரங்கலில் கொள்ளைநோய்க்கு ஆளாகித் திரும்பியது. மதுரை சுல்தான்களின் காசுகள் 1378 அளவு வரை வெளிவந்தன.

நம் ஜொகூரின் கதை யாது? 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் புழங்கிய வாழைமர நோட்டைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். முதலில் வரிசை எண் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. வேண்டியமட்டும் அச்சடித்தார்கள். ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் அது செல்லாது என்றனர். பெட்டி நிறையச் சேர்த்தவர்கள் வெறுங்கையரானார்கள்.

சகோதரர்களே! பெயரைப் பொறிக்க அதிகாரம் போதும். அப்பெயரை மக்கள் நம்ப நேர்மை வேண்டும். காசுக்கும் நேர்மைக்கும் தமிழில் நாணயம் என்பதே சொல். நாம் எழுதித் தரும் கடன் சீட்டிலும் நம் பெயர் இருக்கிறது. அதுவும் ஒரு சிக்காவே. மொத்த வியாபாரி அதை நம்பித்தான் சரக்குத் தருகிறார். தவணை தவறாமல் செலுத்தி அந்த அமானத்தைக் காப்போம்.

நம் பெயர் செல்லாக்காசு ஆகாமல் அல்லாஹ் காத்தருள்வானாக. ஆமீன்.